இந்த வருடம் அவன் முறை

ஜூலை 8, செவ்வாய்

பழைய நோட்டு தீர்ந்தது. இது புதிது. மேகமூட்டம், காற்று, மழை இல்லை. கடை திறந்தது எட்டே கால்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் சிவப்புப் பட்டை. ஆன்டிவைரஸ் சந்தா நேற்றோடு முடிந்ததாம். "நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்" என்கிறது. எனக்கு ஆபத்து என்று சொல்ல இது யார். மூடினேன். பத்து நிமிடத்தில் மறுபடி. மாலை வரை மூடிக்கொண்டே இருந்தேன்.

நான் புதுப்பிக்க வேண்டியதில்லை. இந்த வருடம் வ.ப. முறை.

புது நோட்டு என்பதால் மறுபடி எழுதி வைக்கிறேன். வ.ப. என்றால் வடக்குப் பக்கம், தம்பி. நான்கு வருடம் முன்பு கடையை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த நாளிலிருந்து அவனுக்கு இதுதான் பெயர். தெற்குப் பாதி எனக்கு: உரம், பூச்சி மருந்து. வடக்குப் பாதி அவனுக்கு: விதை, சொட்டுநீர்க் குழாய். அன்றிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது.

பாகப் பத்திரத்தில் நிலம், கடை, களம், தென்னை மரம் வரை எழுதினோம். ஆன்டிவைரஸ் எழுதவில்லை. ஒரே லைசென்ஸ், மூன்று கம்ப்யூட்டர் வரை போடலாம். என்னுடையது ஒன்று, அவனுடையது ஒன்று, மூன்றாவது இடம் காலி. கிணற்று மோட்டாருக்கு மூன்று நாள் எனக்கு, மூன்று நாள் அவனுக்கு என்று முறை இருந்தது. அதே மாதிரி இதற்கு ஒரு வருடம் நான், ஒரு வருடம் அவன். யாரும் பேசி வைத்ததல்ல. முதல் வருடம் மூத்தவன் நான் போட்டேன். அடுத்த வருடம் அவன் மனைவி பார்வதி புது டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "குடுக்கச் சொன்னாரு மாமா." அவ்வளவுதான். எண்ணை நான் அடித்தேன், இரண்டு கம்ப்யூட்டரும் பச்சை ஆயின.

ஆளுக்கொரு போர்வெல் போட்ட பின் கிணற்று முறை போய்விட்டது. இது இருக்கிறது.

போன வருடம் நான். ஆகவே இந்த வருடம் அவன்.

ராகிக் களி, கீரை. பல் வலி கொஞ்சம்.

ஜூலை 9, புதன்

பட்டை வருவதும் நான் மூடுவதும்.

யாருடைய பென்டிரைவையும் செருகவில்லை. மெயில் திறக்கவில்லை. எந்த ஊர், யார் நிலம், என்ன பயிர், என்ன நோய், என்ன மருந்து கொடுத்தேன், அது கேட்டதா கேட்கவில்லையா, பதினொரு வருடக் குறிப்பு இந்தப் பெட்டிக்குள். எட்டாவது படித்தவன் தானாகவே தட்டுத் தடுமாறி அடித்தது. போனால் போனதுதான்.

பஞ்சப்பள்ளிப் பக்கத்து ஆள் ஒருவர் சுருண்ட தக்காளிச் செடியோடு வந்தார். வைரஸ், இதற்கு மருந்து கிடையாது, வெள்ளை ஈயைத்தான் கட்டுப்படுத்த முடியும், இந்தச் செடியைப் பிடுங்கிப் போடுங்கள் என்றேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க தக்காளிக்கு வைரஸ் வந்தா மருந்தே இல்லேங்கிறீங்க. உங்க பொட்டிக்கு மட்டும் மருந்து இருக்குதாக்கும்?"

"இருக்குது. சந்தா கட்டணும்."

"கட்ட வேண்டியதுதானுங்களே."

"என் முறை இல்ல."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சுவர் கூரை வரை போகாது. மேலே இரண்டடி திறப்பு. அவன் இருமுவது, விதைப் பாக்கெட் பிரிப்பது, எல்லாம் இங்கே கேட்கும். மூன்று மணி வாக்கில் அங்கே டிங் என்று ஒரு சத்தம். என் பெட்டியில் பட்டை வரும்போது வருகிற அதே சத்தம். பத்து நிமிடம் கழித்து மறுபடி. அவனும் மூடிக்கொண்டிருக்கிறான்.

பார்வதி வரவில்லை. டப்பா வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஆன்டிவைரஸ் விற்கும் தர்மபுரி டீலருக்குப் போன். எடுத்தது அந்தக் கடை அம்மா.

"எதுக்குங்கய்யா மூணு யூசர்? தனியா ஒரு யூசர் போட்டுக்கோங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"வடக்குக் கடை கம்ப்யூட்டர் என்ன ஆகும்?"

"அது இதுலருந்து கழண்டுக்கும். அவங்க தனியா வாங்கிக்குவாங்க."

வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

மதியம் சோறு கொண்டுவந்த கோ.விடம் (மனைவி கோவிந்தம்மாள்) சொன்னேன்.

"வாங்காம இருந்ததே நல்லது," என்றாள். "பத்திரத்துல எழுதாம வுட்டது அது ஒண்ணுதான். அதையும் அறுத்துப்புட்டா ரெண்டு வூட்டுக்கும் நடுவுல அப்புறம் என்னங்க இருக்குது?"

"அதுக்கில்ல. முறைன்னு ஒண்ணு இருக்குது."

"ஆமாமா, முறை. எந்திரிச்சுப் போயி ஒரு வார்த்தை கேட்டா ஆவாதா?"

"நானா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் போய்க் கேட்க வேண்டுமாம். போன வருடம் இதே ஜூலையில் சேலத்தில் எனக்குக் குடலிறக்க அறுவை. ஆஸ்பத்திரியும் வீடுமாக ஒரு மாதம் படுக்கை. ஊரே வந்து பார்த்தது. கடனுக்கு உரம் கேட்டு நான் இல்லை என்று சொன்ன ஆள்கூடச் சாத்துக்குடியோடு வந்தான். இவனுக்கும் எனக்கும் நடுவே நான்கு வீடு. வரவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் போவதில்லை.

யூரியா லோடு நாளைக்கு என்கிறார்கள்.

ஜூலை 11, வெள்ளி

லோடு வரவில்லை. காற்றில் போர்டு ஒரு பக்கம் கழன்றது. கம்பி போட்டுக் கட்டினேன்.

ஆன்டிவைரஸ் கம்பெனியின் கஸ்டமர் கேர். இருபத்திரண்டு நிமிடம் பாட்டு. கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதி வைத்திருந்தேன்:

1. முறை தவறியவருக்கு நீங்கள் நினைவூட்டல் அனுப்பினீர்களா
2. அனுப்பினால் எந்த நம்பருக்கு
3. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்னைப் பயமுறுத்துவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது

மூன்றாவதைக் கேட்க நேரம் வரவில்லை. லைனில் ஒரு பெண் வந்தாள். பதிவு செய்த போன் நம்பர் கேட்டாள். அது வ.ப. நம்பர். வாங்கும்போது என்னிடம் இருந்தது பட்டன் போன், அதனால் அவன் நம்பரைக் கொடுத்தோம். சொன்னேன்.

"ஐயா, இதே அக்கவுண்ட்ல ஏற்கனவே ஒரு கம்ப்ளெயின்ட் இருக்குதுங்களே. புதன்கிழமை பேசியிருக்கீங்க."

"நான் பேசல."

"இந்த நம்பர்லருந்துதாங்க. நோட் போட்டிருக்காங்க, படிக்கட்டுங்களா? ரினியூவல் அண்ணன் செய்வார். இந்த வருஷம் அவர் முறை. ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்கிறார். தனி யூசர் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். கஸ்டமர் வேண்டாம் என்றுவிட்டார்."

மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தாள்.

கஸ்டமர் வேண்டாம் என்றுவிட்டார்.

"ஐயா, லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன். அவள் இன்னும் என்னவோ சொன்னாள், ரினியூவல் கீ, மூன்று யூசர், பதிவு நம்பருக்கு ஓடிபி வரும் என்று. எழுதிக்கொண்டேன். கை எழுதியது.

என் முறையா? எப்படி என் முறை? கோபம் வர வேண்டும். வரவில்லை. சாப்பிட்டேனா என்று கோ.விடம் கேட்டேன். சாப்பிட்டீர்கள் என்கிறாள்.

ஜூலை 12, சனி

பழைய நோட்டுகளை இறக்கினேன். கரையான் இல்லை.

முதல் வருடம்: நான். ஆதாரம் இருக்கிறது, தேதியோடு.
இரண்டாம் வருடம்: வ.ப. பார்வதி டப்பா கொடுத்தது எழுதியிருக்கிறேன்.
போன வருடம்: ஜூலை முழுக்க வெற்றுத் தாள். படுக்கை.

படுக்கையிலிருந்தே கோ.விடம் சொன்னது நினைவிருக்கிறது. டீலருக்குப் போன் போட்டுப் புதுப்பிக்கச் சொல், இது என் முறை என்று. மறுநாள் "ஆயிடுச்சாம்" என்றாள். எழுந்து கடைக்கு வந்தபோது பச்சையாக இருந்தது. இப்போது அவளைக் கூப்பிட்டு, போன வருடம் நீதானே டீலரிடம் சொல்லிப் போட்டது என்று கேட்டேன்.

"நான் எங்க போட்டேன்? போன் பண்ணினேன். ஏற்கனவே ஆயிடுச்சும்மா, வையிங்கன்னாங்க. அதைத்தான் வந்து சொன்னேன்."

"யாரு போட்டான்னு கேக்கலையா?"

"நீங்களும்தான் கேக்கல."

டீலர் கடைக்குப் போன். அதே அம்மா. பில்லைத் தேடிப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க தம்பிதாங்கய்யா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. சேலம் போயிட்டு வர்ற வழின்னு நேர்லயே வந்தாரு. அண்ணன் படுத்திருக்காரு, அவரு கெடு தவறக் கூடாதுன்னாரு. அவரு போன்லயே போட்டுக் குடுத்தோம்."

"என்னிக்கு?"

நாள் சொன்னாள். எனக்கு அறுவை நடந்த மறுநாள்.

சேலத்தில் அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. யாரும் கிடையாது. ஆஸ்பத்திரி வாசல் வரை வந்திருக்கிறான். உள்ளே வரவில்லை.

நோட்டுகளை மறுபடி மேலே ஏற்றினேன். நேரம் ஆனது.

ஜூலை 13, ஞாயிறு

கடை இல்லை. நாலு தூறல், நின்றுவிட்டது. மல்லாந்து படுத்திருந்தேன். மின்விசிறியில் ஒரு இறக்கை மற்றதைவிடக் கறுப்பு.

கிணற்றிலும் அப்படித்தான் நடந்தது. ஒருவன் படுத்துவிட்டால் மற்றவன் அவன் வயலுக்கும் சேர்த்துத் தண்ணீர் விடுவான். எழுந்ததும் அந்த முறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரும் கேட்டு வாங்குவதில்லை. கொடுப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரியவில்லை. அவன் கேட்கவில்லை. கம்பெனிக்காரியிடம் கேட்டிருக்கிறான்.

கோ. இரண்டு தடவை காபி கொண்டுவந்தாள். ஒன்று ஆறிவிட்டது.

ஜூலை 14, திங்கள்

என் முறை. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வந்து பார்க்காதது பார்க்காததுதான். அதை நான் விடவில்லை.

டீலரிடம் மூன்று யூசர் ரினியூவல் சொன்னேன். கீ போனுக்கு வந்தது. இருபது எழுத்து. அடித்தேன். முன்பெல்லாம் அதோடு முடியும். இப்போது புது ஏற்பாடு: பதிவு நம்பருக்கு ஓடிபி போகும், மூன்று நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். பதிவு நம்பர் சுவருக்கு அந்தப் பக்கம்.

முதல் தடவை: கோ. வடக்கே போனாள். பார்வதி விதைக் கவரின் பின்னால் எண்ணை எழுதிக் கொடுத்தாள். கோ. கொண்டுவருவதற்குள் கெடு முடிந்தது. கிளம்பும் முன் பார்வதியிடம், மருமகளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு நின்றாளாம்.

இரண்டாம் தடவை: கோ. வாசலில் நின்றாள், பார்வதி அந்தப் பக்க வாசலில் நின்று கத்தினாள். நடுவில் ஓசூர் பஸ். ஹாரன். ஒரு எண் விழவில்லை.

"ஏழா, ஒண்ணா பார்வதி?" என்று கோ. கேட்டுக்கொண்டிருக்கும்போதே கெடு முடிந்தது.

மூன்றாம் தடவை: மறுபடி எழுதி வாங்கினாள். ஓட்டமாக வந்தாள். அவள் கையில் இருந்தது முதல் கவர்.

அக்கவுண்ட் பூட்டிக்கொண்டது. இருபத்து நான்கு மணி நேரம். நாளை காலை பத்து இருபதுக்குத் திறக்கும்.

"இதுக்கு ரெண்டு பொம்பளைங்க ரோட்டுல ஓடணுமா?" என்றாள் கோ. மூச்சு வாங்கியது. "சுவத்துக்கு அந்தாண்டதான் உக்காந்திருக்காரு. இங்க தும்முனா அங்க கேக்குது."

சொம்பில் தண்ணீர் கொடுத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

காற்று. கூரைத் தகரம் அடித்துக்கொள்கிறது. காலையில் இரண்டு பேர், வேப்பம் பிண்ணாக்கு கேட்டு. கோ. வரவில்லை, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பத்து இருபதுக்குக் கீயை அடித்தேன். 'அனுப்பு' என்பதை அழுத்தினேன். கெடு ஓட ஆரம்பித்தது.

அந்தப் பக்கம் போன் ஒலித்தது. பிறகு ஒன்றும் இல்லை. பார்வதியின் குரலும் இல்லை. அவளையும் யாரோ வர வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மீதி இரண்டு நிமிடம் இருபது வினாடி.

"நம்பர் வந்துதா?" என்றேன். சுவரைப் பார்த்து. சத்தம் அதிகமாகிவிட்டது. ரோட்டில் போன ஆள் திரும்பிப் பார்த்தான்.

நாற்காலி நகர்ந்தது.

"வந்திருக்குது."

"படி."

ஒவ்வொன்றாகப் படித்தான். குரல் கனத்திருக்கிறது. நாலாவதில் தடுமாறினான். கண்ணாடி போடவில்லை போலிருக்கிறது. இரு என்று சொல்லவில்லை, நானாகவே இருந்தேன். ஐந்தாவது. ஆறாவது. அடித்தேன். வட்டம் சுற்றியது. பச்சை. என் கம்ப்யூட்டர், அவன் கம்ப்யூட்டர், ஒன்றன்கீழ் ஒன்று. மூன்றாவது காலி. அடுத்த ஜூலை வரை.

அவன் பெட்டியில் இன்னும் தெரிந்திருக்காது.

"மறுபடி சொல்லட்டுங்களாண்ணா?"

ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

"சொல்லு" என்றேன்.