இரவல் கோட்டு

மார்ச் 3, திங்கள்

மேலாளர் இன்று கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். இந்த லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் எட்டு வருஷமாகப் போன் எடுக்கிறேன். எந்தக் கட்டிடத்தில் எந்தக் கதவு சண்டித்தனம் செய்யும் என்பது மெக்கானிக்குகளைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இப்போது கட்டிட உரிமையாளர்களை நேரில் போய்ப் பார்க்கும் வேலை காலியாகிறது. எனக்கா, கூட வேலை செய்யும் பளபளாவுக்கா (நான் வைத்த பட்டப்பெயர்) என்று முடிவு செய்ய, இரண்டு வாரம் இருவரையும் மாற்றி மாற்றிக் கூட்டிப்போவாராம்.

“வேலைல உன்ன அடிச்சுக்க ஆளில்ல. ஆனா உள்ள நுழையும்போதே பெரிய கம்பெனி ஆளுன்னு தெரியணும்ல?”

சொல்லிவிட்டு என் சட்டையைப் பார்த்தார். பிறகு மரியாதைக்காகச் சுவரைப் பார்த்தார்.

பளபளா வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அவள் செருப்புச் சத்தம்கூட வசதியானவர் வீட்டுச் சத்தம். எரிகிறது எனக்கு. பொறாமைதான், வேறென்ன?

மார்ச் 4

பீரோவில் இருந்ததையெல்லாம் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கசங்கல் இல்லை. அக்கா சலவைக்கடை வைத்திருக்கும்போது கசங்கல் எப்படி இருக்கும்? ஆனால் எல்லாம் வெளுத்துப் போனவை. சுத்தமாக இருப்பது வேறு, விலையாகத் தெரிவது வேறு — முப்பத்தாறு வயதில்தான் புரிகிறது.

மார்ச் 6, வியாழன்

கடை திறக்குமுன்பே அந்தக் காரியத்தைச் செய்துவிட்டேன்.

கீழே கடை, மேலே நாங்கள் மூன்று பேர் — அக்கா, அத்தான், நான். அக்காவுக்கு ஒரே சட்டம்: கடைக்கு வந்த துணி நம் உடம்பில் படக்கூடாது. ஒருமுறை மழையில் நனைந்து வந்த அத்தான் யாருடைய சால்வையையோ எடுத்துப் போர்த்திக்கொண்டார். இரண்டு நாள் அவரோடு பேச்சு வார்த்தை இல்லை.

சாம்பல் நிறக் கோட்டு, நம்பர் 214. சலவை முடிந்து உறையோடு தொங்குகிறது. கோட்டுக்குச் சொந்தக்காரம்மா வெளியூரில் இருக்கிறாராம், மாதக் கடைசியில்தான் வருவாராம். யாரென்று எனக்குத் தெரியாது. நான் கடையில் நிற்பதே அபூர்வம். எனக்கு எல்லாத் துணிக்கும் நம்பர்தான், முகம் கிடையாது.

தோளில் அப்படியே உட்கார்ந்தது. நம்பர் சீட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆபீஸ் வாட்ச்மேன் எழுந்து நின்றார். எட்டு வருஷமாக உட்கார்ந்தபடியே தலையாட்டுகிற மனுஷன்!

மார்ச் 10, திங்கள்

ஒரே ஒரு தடவைதான் என்று சொன்னது யார்? நான்தான். இன்று இரண்டாவது தடவை.

போன இடத்தில் கட்டிடக்காரர் காகிதங்களை மேலாளரிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். மேலாளர் முகத்தில் ஒரே பூரிப்பு. மத்தியானம் சாப்பிடவில்லை. ஒரு சொட்டு சிந்தினால் என்ன ஆவது? பசியில் காது அடைத்தது. ஆனாலும் கண்ணாடி இருக்கும் இடமெல்லாம் நின்று நின்று பார்த்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

மார்ச் 11

கோட்டுக்கு யாரோ புது உறை போட்டிருக்கிறார்கள். யார்?

மார்ச் 14, வெள்ளி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

கடைசிச் சந்திப்பு, எங்கள் பக்கத்துத் தெருப் பதினொரு மாடிக் கட்டிடம். அதன் உரிமையாளர் ஒரு அம்மா; என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். மேலாளர் மோட்டார் அறையைப் பார்க்க மேலே போகும்வரை காத்திருந்தார்.

“கோட்டு எங்க வாங்கினீங்க?”

ஏதோ ஒரு கடை என்று உளறினேன்.

“உள்பக்கம், இடது கை ஓரமா, நீல நூல்ல ஒரு தையல் இருக்கும். நானே போட்டது.”

விரித்துப் பார்த்தேன். நீலம். ஊரிலிருந்து முன்னாலேயே வந்துவிட்டாரா! மேலாளர் திரும்பி வந்தார். அந்தம்மா பேச்சை லிஃப்ட் பக்கம் திருப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் அக்கா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். “கழட்டு. ரெண்டு தடவை திரும்பத் துவைச்சாச்சு. காலர்ல உன் பவுடர் வாசனை.”

“தெரிஞ்சும் ஏன்க்கா கேக்கல?”

“வேலை கிடைச்சா நீயே நிறுத்திடுவேன்னு நெனச்சேன்.”

சொல்லி முடிக்கவில்லை, வாசலில் அந்தம்மா. நான் தொங்கும் துணிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆமாம், ஒளிந்துகொண்டேன்.

“தப்பு என்னோடதுங்க” என்றாள் அக்கா. “வேற ஒருத்தர் துணியோட மாத்திக் குடுத்துட்டேன்.”

“மாத்திக் குடுத்தீங்களா, வாடகைக்கு விட்டீங்களா?”

அக்கா கோட்டை அவரிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பதினேழு வருஷக் கடை. நான் ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறேன். வெளிய வந்திருக்கலாம்ல? வரல.

மார்ச் 17, திங்கள்

வேலை எனக்குத்தான். பளபளாவே வந்து கை கொடுத்தாள். நல்ல பெண்தான் போலிருக்கிறது.

வீட்டில் சொன்னேன். “ம்” என்றாள் அக்கா.

மார்ச் 19

அந்தம்மாவின் கட்டிடத்து ஆபீஸ் ஆட்கள் வந்து துணிகளைத் திரும்ப வாங்கிப் போகிறார்கள். துவைக்காததையும்கூட. நேற்று நான்கு பேர், இன்று ஏழு. அக்கா எல்லாவற்றையும் ஒழுங்காக மடித்துத்தான் கொடுக்கிறாள். அத்தான் என்னைப் பார்க்காமல் செய்தித்தாளைப் பார்க்கிறார். தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

மார்ச் 22, சனி

அந்தம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லவேண்டும். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கடை போகும். காலையிலிருந்து மூன்று தடவை அந்தத் தெரு முனைவரை போய்த் திரும்பி வந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

அந்தம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் பழைய சட்டையில்தான் போனேன். கோட்டை எடுத்தது நான், அக்கா என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

“அவங்க உங்க கூடப் பொறந்த அக்காவா?”

“ஆமாம்.”

“அவங்கள என்னென்னவோ பேசிட்டேன்” என்றார். பிறகு, “இனிமே என் பில்டிங்குக்கு நீங்க வர வேணாம். காரணம் உங்க ஆபீஸ்ல சொல்ல மாட்டேன்.”

மேலாளரிடம் நானாகவும் சொல்லவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான். வேறு ஆள் வேண்டும் என்று அந்தம்மா கேட்க, அந்தக் கட்டிடம் மட்டும் பளபளாவுக்குப் போயிற்று, மற்ற பதினான்கும் எனக்கு.

மார்ச் 29, சனி

அந்தம்மா கடைக்கு வந்தார். அக்கா உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தாள், முன்னால் நான். மேஜைமேல் மூட்டையை வைத்தார். கடை வழக்கப்படி நானும் வாய்விட்டு எண்ணினேன். மூன்று சட்டை, இரண்டு பேன்ட், ஒரு படுக்கை விரிப்பு.

அக்கா வெளியே வந்ததும் அவளிடம் மட்டும், “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டார். சீட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தெருவைத் தாண்டும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அடிவரை பார்த்தாள்.

அந்தக் கோட்டு மட்டும் இல்லை.