அப்பாவுக்கு ஒரு நீலச் சட்டை

எடின்பரோ, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு, இசிகேலி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று ஸ்காட்லாந்துக்கு எதிரான ரக்பி ஆட்டத்தில் கடைசி எட்டு நிமிடம் நானும் ஃபிஜிக்காக ஆடினேன். முடிந்ததும், என்னோடு மோதிய ஸ்காட்லாந்துக்காரன் ஹேமிஷ், "சூப்பரா இருக்குப்பா உன் சட்டை" என்றான். ஒருவர் மெச்சிய பொருளைக் கொடுத்துவிடுவது நம் வழக்கமாயிற்றே, அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

"டேய், அவன் சும்மா சொன்னான்டா, கேக்கல!" என்று எங்கள் கேப்டன் சிரித்தார். ஹேமிஷ் கூச்சத்தோடு தன் நீலச் சட்டையைக் கழற்றித் தந்தான்.

அப்பாவின் கல்லறையில் போர்த்த நான் கொண்டுவருவதாகச் சொன்ன சட்டையைத்தான் கொடுத்துவிட்டேன். திட்டாதீர்கள்.

நம் சர்ச்சில் பாடுவதை ஃபோனில் பதிந்து அனுப்புங்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை சத்தமே இல்லை. பஸ் வந்துவிட்டது.

நீலச் சட்டை பார்சலில் வருகிறது. அதையே போர்த்துங்கள். அதைப் போட்டிருந்தவனை நான் பத்தடி பின்னுக்குத் தள்ளினேன் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

இசிகேலி