இரண்டாவதாக வந்தவள்

5 ஆகஸ்ட் 1968, திங்கள்

அன்று சென்னை ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது அமலோற்பவமா, நான் கொடுத்த எபிட்ரின் மாத்திரையா? எனக்குத் தெரியவில்லை. இனித் தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

மெக்சிகோ ஒலிம்பிக்ஸுக்கு ஆள் எடுக்கும் முகாமிலிருந்து அவளுக்குப் படிவம் வந்திருக்கிறது. மருத்துவர் நிரப்ப வேண்டிய பக்கத்தில் தடை செய்த மருந்துகளின் பட்டியல். எபிட்ரினும் அதில் உண்டு. அவளுடைய மூச்சிழுப்புக்காக மூன்று வருடமாக நான் கொடுப்பது. தினம் பாதி மாத்திரை.

படிவத்தோடு வந்த அவள் தாயார் ராயம்மாள் நன்றி சொன்னாள்: "தெனம் குடுத்தா தீந்துடும்னு சேத்து வெச்சேன் டாக்டரம்மா. ஓட்டத்துக்குப் போறப்போ மட்டும் ரெண்டு ரெண்டா குடுப்பேன். ஜெயிச்சுட்டு வந்துட்டா பாரு!"

பட்டுப்புடவை போல மாத்திரையையும் நல்ல நாளுக்கென்று எடுத்து வைக்கிறார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். நான் கேட்டிருக்க வேண்டாமா?

7 ஆகஸ்ட்

ஆஸ்பத்திரிச் சுவரில் கம்பவுண்டர் ஒட்டிய பத்திரிகைப் படம். அமலோற்பவத்தின் மார்பில் எல்லைக் கயிறு. ஒரு முழம் பின்னால், இரண்டாவதாக வந்த மதுரைப் பெண் ராஜாம்பாள் — பாதி முகம்தான் விழுந்திருக்கிறது, வாய் திறந்தபடி. யார் நாடியைப் பிடித்தாலும் என் கண் அங்கே போகிறது.

இழுப்புக்காரிக்கு மூச்சு கொடுப்பது எப்படி மோசடி? ஆனால் அன்று இழுப்பு இருந்ததா?

8 ஆகஸ்ட்

அமலோற்பவத்தையே கேட்டேன்.

"இல்ல டாக்டரம்மா, நல்லாத்தான் இருந்துது. சும்மா ஒரு தெம்புக்கு."

உள்ளதைத் தனித்தாளில் எழுதிப் படிவத்தோடு இணைத்தேன். படித்தாள்.

"இத்தப் பாத்தா எடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்போ அந்தப் பொண்ணு போவும்."

அது கேள்வியில்லை.

9 ஆகஸ்ட்

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்க ராயம்மாள் கத்தினாள். "அந்த மதுரைக்காரி உனக்கு இன்னா ஒறவா?" என் தாளைக் கழற்றிவிட்டார்களாம். திண்டிவனத்தில் வேறொரு டாக்டர், 'மருந்து எதுவும் இல்லை' என்று கையெழுத்திட்டாராம். நாளைக் காலை பயணம்.

முகாமுக்கு நானே கடிதம் எழுதிவிட்டேன். ஒட்டியும் ஆயிற்று. தபாலில் போடுவேனா? கை வரவில்லை. அந்தத் திறந்த வாய் —

10 ஆகஸ்ட்

பஸ் ஸ்டாண்டில் பூமாலை, கூட்டம். கூட்டத்திலிருந்து விலகி அமலோற்பவம் என்னிடம் வந்தாள். அவளால் பேச முடியவில்லை. முதுகில் காது வைத்துக் கேட்டேன்: நிஜமான இழுப்பு.

பன்னிரண்டு மாத்திரை கொடுத்தேன், தினம் பாதி என்றேன். முகாமுக்கு எழுதிய கடிதத்தையும் காட்டி, அதில் இருப்பதைச் சொன்னேன். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

பஸ் போன பிறகு கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டேன்.