நான்காம் குழியின் இரைச்சல்

நாள் 212 – 08:10

இடம்: நிலாவின் தென்துருவம், நான்காம் குழி பனிச் சுரங்கம். ஆட்கள் பதினான்கு பேர். பதிபவர்: கம்பியில்லா வலைப் பொறியாளர் ஜெபக்கனி.

வைஃபை பெட்டிகள் ஒன்பதும் நலம். இரைச்சல் அளவு மைனஸ் 95 டெசிபல். வெளியே வேலைக்குப் போனவர்கள் ஆறு பேர்.

எனக்குப் பின் இந்த நாற்காலிக்கு வருபவருக்காக ஒரு விவரம். இங்கே எல்லாம் ஒரே வலையில் ஓடுகிறது. துளைக்கருவி, உடைக்குள் பேச்சு, காற்று அளவு, கதவு. கதவுக்கென்று தனிக் கம்பி கிடையாது. வரைபடம் போட்ட மகராசன் தேவையில்லை என்று விட்டுவிட்டான். வெளியே நிற்பவரின் உடை, திறக்கச் சொல்லிக் கதவைக் கேட்க வேண்டும். கேட்டதிலிருந்து இரு கதவுக்கும் இடையிலுள்ள நடு அறையின் காற்றை உறிஞ்சி வெளிக்கதவு திறக்க நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் இணைப்பு அறுபடக் கூடாது. அறுந்தால் கதவு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வலை படுத்தால் ஆள் வெளியே. அவ்வளவுதான் விஷயம்.

நாள் 212 – 11:35

10:40 முதல் 11:20 வரை வலை தள்ளாடியது. இரைச்சல் மைனஸ் 70 வரை ஏறி, விட்டுவிட்டு இறங்கியது. துளைக்கருவி ஓட்டுநர் இசக்கிராஜ் அண்ணாச்சி ஒன்பது நிமிடம் கதவுக்கு வெளியே நின்றார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது. உள்ளே வந்ததும் என் அறைக்குத்தான் நேராக வந்தார்.

"ஏம்மா கனி, ஒங் கதவுக்கு என்ன கேடு? மாப்ளைய வாசல்லயே நிப்பாட்டுன மாதிரில்லா நிப்பாட்டிட்டு!"

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூமியில் உள்ள சேவை மையத்துக்குப் புகார் அனுப்பினேன்.

நாள் 213 – 15:20

இன்று 14:05 முதல் 14:50 வரை. நேற்று காலை, இன்று மதியம். நேரத்தில் ஒழுங்கில்லை.

சேவை மையத்தின் பதில் இருபத்திரண்டு மணி நேரம் கழித்து வந்தது: "வணக்கம். உங்கள் புகார் எண் 4471 பதிவு செய்யப்பட்டது. தயவுசெய்து வைஃபை பெட்டியை அணைத்து, முப்பது விநாடி கழித்து மீண்டும் இயக்கவும்."

இது என்ன மொட்டை மாடியில் மாட்டிய பெட்டியா? அணைத்தால் வெளியே இருக்கும் ஆறு பேரும் முப்பது விநாடி ஊமை, செவிடு. அதையும் எழுதி அனுப்பினேன். திரும்பவும் அதே பதில்தான் வரும், தெரியும்.

நாள் 214 – 13:00

வலை கெட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சமையலறை. மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையும் ஒரே அலைவரிசைக்குப் பக்கத்தில் குடியிருப்பவை. அளக்கும் கருவியோடு போனேன். சமையல் மாஸ்டர் நூருதீன் அடுப்பின் கதவுக் கீல் உடைந்து ஒரு மாதமாகத் துண்டைச் சுருட்டி அடைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். அடுப்பைப் போட்டதும் இரைச்சல் எட்டு டெசிபல் ஏறியது. பிடித்துவிட்டேன் என்று குதித்தேன்.

"நான் சோறு சுட வச்சா ஒங்க கதவு தெறக்காதா? நல்லா இருக்கே நியாயம்!" என்றார் மாஸ்டர்.

கீலை மாற்றினேன். அந்த எட்டு டெசிபல் போனது.

நாள் 214 – 15:40

15:10 முதல் மறுபடியும். அடுப்பு சில்லென்று கிடக்கிறது. மாஸ்டர் வாசலில் நின்று எட்டிப்பார்த்து, "இப்ப எந்த அடுப்பும்மா எரியுது?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். எரிகிறது, என் வயிறு.

நாள் 215 – 10:15

வலை மோசமானதும் ஆளாளுக்குத் தனி வைத்தியம் தொடங்கிவிட்டார்கள். படுக்கைக்கு அடியில், துணி அலமாரியில், குளியலறைக் கூரையில் என்று இன்று சிக்னலைக் கூட்டித் தரும் ரிப்பீட்டர் ஐந்து பிடுங்கினேன். தனக்கு மட்டும் நன்றாகக் கேட்க வேண்டுமென்று ஒவ்வொருவரும் சத்தத்தைக் கூட்டி வைத்தால், சந்தைக்கடை மாதிரி யாருக்கும் எதுவும் கேட்காது. ஐந்தாவது ரிப்பீட்டர் நிலையப் பொறுப்பாளர் சந்தானகோபாலன் சாரின் மேசைக்குப் பின்னால் இருந்தது. ரிப்பீட்டர் வைக்கக் கூடாது என்று காலையில் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

சேனலை மாற்றிப் பார்த்தேன். ஒன்று, ஆறு, பதினொன்று. மேல் அலைவரிசைக்கும் போனேன். போகிற இடமெல்லாம் இரைச்சல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ரேடியோ என்றால் ஒரு சேனலில்தானே இருக்கும்? இது எதிலும் இருக்கிறது.

நாள் 216 – 12:10

செல்வமணி பத்தொன்பது நிமிடம் வெளியே நின்றான். துளைக்கருவியின் இரண்டாம் ஓட்டுநர், திடகாத்திரமான ஆள். உள்ளே வந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும் வாந்தியெடுத்தான்.

நான்கு நாளாக அட்டவணை போடுகிறேன். நேரம், சேனல், இடம், வெளியே இருந்தவர்கள், இயங்கிய ரேடியோக்கள். எந்தப் பத்தியும் எந்தப் பத்தியோடும் ஒத்துப்போகவில்லை. கண் எரிகிறது.

ஒரே வழி, எல்லா ரேடியோவையும் கால் மணி நேரம் அணைத்துவிட்டு, யார் அப்போதும் கத்துகிறார்கள் என்று கேட்பது. பொறுப்பாளர் சந்தானம் சாரிடம் கேட்டேன்.

"கனி, கால் மணி நேரம்ங்கிறது ஆள உள்ள கூப்பிட்டு, திரும்ப அனுப்பி, ஒன்றரை மணி நேரம் ஆகும்மா. டார்கெட் போயிடும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

கதவுக்கு வெளியே நின்று அட்ஜஸ்ட் பண்ணுகிறவர் அவரில்லை.

நாள் 217 – 16:30

மறுபடி கேட்டேன். இந்த முறை கத்தினேன். யாராவது செத்தபிறகுதான் கால் மணி நேரம் கிடைக்குமா என்று சாப்பாட்டு அறையில் எல்லார் முன்னாலும் கேட்டேன். நாளைக்கு அனுமதி. 11:30 முதல் 11:45 வரை.

நாள் 218 – 11:30 (என் உடையின் ஒலிப்பதிவு)

கதவிலிருந்து அறுபது மீட்டரில் நிற்கிறேன். கையில் திசை காட்டும் ஏரியல். பதினொரு மணிக்கே எல்லாரையும் உள்ளே வரச் சொல்லி அறிவிப்புப் போனது. "எல்லாரும் உள்ள வந்தாச்சு, நீ ஆரம்பி" என்றார் சந்தானம் சார்.

எல்லாம் அணைந்தது. என் ரேடியோவும்.

இரைச்சல்மானியின் முள் இறங்கவில்லை. மைனஸ் 61.

ஒரு ரேடியோகூட இயங்கவில்லை. அப்படியென்றால் இது ரேடியோவே இல்லை. பொறி. ஏதோ மோட்டாரில் பொறி தெறிக்கிறது. பொறி எல்லா சேனலிலும் கத்தும். மூன்று நாள் முன்பே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். முட்டாள், முட்டாள்.

11:36

ஏரியல் மேட்டுப் பக்கம் காட்டுகிறது. மேட்டிலிருந்து ஒரு ஆள் இறங்கி வருகிறார். இரண்டு கையையும் ஆட்டுகிறார். ஏரியலை இடது பக்கம் திருப்பினால் முள் விழுகிறது. அவர் மேல் திருப்பினால் முள் கடைசிக்கு ஓடுகிறது.

எல்லாரும் உள்ளே வந்தாச்சு என்றாரே.

11:38

இசக்கிராஜ் அண்ணாச்சி. என் தலைக்கவசத்தை அவருடையதோடு முட்டவைத்தேன். தொட்டால் குரல் கேட்கும்.

"என்னம்மா, எவனும் பேச மாட்டேங்கான்? அரை மணி நேரமாக் கத்துதேன்!"

அறிவிப்பு அவருக்குக் கேட்கவே இல்லை. சந்தானம் சார் திரையைப் பார்த்து எண்ணியிருக்கிறார். அண்ணாச்சி உடையிலிருந்து கடைசியாக வந்த தகவல், காலையில் வெளியே வருவதற்கு முன் வந்ததாக இருக்கும். திரையில் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். தலையை எண்ணியிருக்கலாமே, பாவிகளா.

அவர் நெஞ்சில் உடை எண் 6. முதுகில் காற்று விசிறியின் இரைச்சலை அடைக்கும் உலோக மூடி ஒரே ஒரு திருகில் தொங்குகிறது. மோட்டார் முழுக்க நிலாத் தூசு. இதுதான். இதேதான்.

உடைகள் பொது. அன்றைய முறைப் பட்டியலில் எது வருகிறதோ அதை மாட்டிக்கொண்டு போவார்கள். என் அட்டவணையில் ஆள் பெயர் இருந்தது, ரேடியோ எண் இருந்தது. உடை எண்ணுக்குப் பத்தி போடவில்லை. ஒரு பத்தி.

அவர் கையிலுள்ள மானியில் காற்று பதினெட்டு நிமிடத்துக்கு.

11:52

11:45க்கு வலை திரும்ப வந்தது. கதவடியில் நிற்கிறோம். விசிறி மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தும் நான்கு முறை கேட்டாயிற்று. பத்து விநாடியில் அறுகிறது, ஏழு விநாடியில் அறுகிறது. முன்பெல்லாம் இரைச்சல் விட்டுவிட்டு வந்தது, அதனால் கதவு எப்படியோ திறந்தது. இன்று இடைவெளியே இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கும் கதவோடு பேச முடியாது, எங்களோடும் பேச முடியாது. உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறார்கள். கால் வழியாக அதிர்வு தெரிகிறது.

என் காற்றைக் கொடுக்கலாமென்றால் என் உடை பழைய வகை, குழாய் முனை சேரவில்லை. அவரைத் தள்ளி நிறுத்திவிட்டு நான் மட்டும் கேட்டால் கதவு திறக்கும். அவர் கிட்டே வந்ததும் மூடிக்கொள்ளும்.

விசிறியை நிறுத்தினால் இரைச்சல் நிற்கும். விசிறி நின்றால் தலைக்கவசத்துக்குள் தங்கும் காற்று ஓய்ந்திருக்கிறவனுக்கு மூன்று நிமிடம். கதவுக்கு நான்கு.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

11:53

அவர் சொன்னது, அப்படியே:

"மூணுக்கும் நாலுக்கும் ஒரு நிமிசந்தானம்மா. நான் முக்குளிச்சுப் பழகுனவன். நிப்பாட்டுதேன். பாதியில நான் திருப்பிப் போடப் பாத்தாலும் நீ விடாத. வுட்டா மறுபடி மொதல்லருந்துல்லா? அப்ப மிச்சக் காத்தும் இருக்காது. விடமாட்டேன்னு சொல்லு."

விடமாட்டேன் என்றேன்.

11:54:00

சுவிட்சை அணைத்தார். முள் விழுந்தது. கதவு விளக்கு பச்சை. அறையில் காற்று இறங்குகிறது.

11:55:00

உட்கார வைத்துவிட்டேன். கண்ணைச் சிமிட்டுகிறார். பச்சை.

11:56:20

மூச்சு வேகமாக வாங்குகிறது. தலைக்கவசக் கண்ணாடி பாதி ஆவியில் வெளுத்துவிட்டது. அண்ணாச்சி, பேசாதீங்க, பேசாதீங்க.

11:57:10

கை சுவிட்சுக்குப் போகிறது. பிடித்துவிட்டேன். இழுக்கிறார். பலமான கை. அண்ணாச்சி, ஐம்பது விநாடி. ஐம்பதே ஐம்பது. என்னைப் பார்க்கிறார். தெரிந்து பார்க்கிறாரா தெரியாமல் பார்க்கிறாரா

11:57:35

இன்னும் இழுக்கிறார். விடவில்லை. பச்சைதான். இன்னும் பச்சை

11:57:50

இழுக்கவில்லை.

11:58:00

திறந்துவிட்டது. அண்ணாச்சி, திறந்துவிட்டது.

நாள் 218 – 13:15

நடு அறைக்குள் இழுத்துப் போட்டு, காற்று நிரம்பியதும் தலைக்கவசத்தைக் கழற்றினேன். டாக்டர் நாற்பது நிமிடம் போராடினார். 12:44க்கு நிறுத்திவிட்டார்.

எழுத வேறொன்றுமில்லை.

நாள் 219 – 09:00

சேவை மையத்திலிருந்து: "வணக்கம். நேற்று 11:54 முதல் உங்கள் வலையில் குறுக்கீடு ஏதும் பதிவாகவில்லை. புகார் எண் 4471 தீர்க்கப்பட்டதாக முடித்துவைக்கப்படுகிறது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

நாள் 219 – 09:40

இன்றைய முறைப் பட்டியல் அச்சாகிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. உடை 6: செல்வமணி. பட்டியலைப் போடுவது கணினி. அந்த உடையை நீக்கும்படி அதற்கு யாரும் சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை உடையைத் தொடக் கூடாது என்று சந்தானம் சார் சொல்லியிருக்கிறார்.

தொட்டேன். விசிறியைப் பிடுங்கி, மோட்டாரைச் சுத்தியலால் அடித்து நொறுக்கி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். விசாரணைக்கு வருகிறவர்கள் இதையே என் வாக்குமூலமாக வைத்துக்கொள்ளட்டும். சந்தானம் சார் தலைகுனிந்து அழுதுகொண்டிருந்தார்.

நாள் 220 – 10:30

அண்ணாச்சி வீட்டுக்கு நிலையத்தின் சார்பில் நேற்று மாலை ஒரு கடிதம் போயிருக்கிறது. சந்தானம் சார் எழுதியது. அனுப்பும் முன் எனக்குக் காட்டவில்லை. அதில் ஒரு வரி: "கடைசி நேரத்தில் எங்கள் பொறியாளர் ஜெபக்கனி அவருடைய கையைப் பிடித்தபடி உடனிருந்தார்."

பொய் இல்லை.

இன்று அவர் மனைவி சொர்ணம் அக்காவிடமிருந்து எனக்குக் குரல் செய்தி வந்திருக்கிறது:

"தாயி, அவிய கையப் பிடிச்சிக்கிட்டே இருந்தியாம்லா. ஒத்தையில போகலன்னு கேட்டதும் மனசு கொஞ்சம் ஆறிச்சு. நீ நல்லாருக்கணும். கடைசியா அவிய ஏதும் சொன்னாவளா? அந்தக் கைய எனக்காவ ஒருக்கா நெனச்சுக்கோ தாயி."

நாள் 220 – 12:30

பதில் எழுத உட்கார்ந்தேன். அவர் என்னிடம் விடாதே என்று சொன்னதை எழுதலாம். அவரே சொன்னதுதான், என் உடையில் ஒலிப்பதிவு இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் என்ன எழுதுவது? நாற்பது விநாடி அவர் இழுத்தார், நான் விடவில்லை என்றா? விட்டிருந்தால் என்று அக்கா கேட்டால்?

வலை சுத்தமாக இருக்கிறது. ஒன்பது பெட்டியும் பச்சை. நான் அனுப்புவதைத் தடுக்க இங்கே இப்போது எதுவும் இல்லை.

திரையில் இதுவரை இருப்பது:

அக்கா, அந்தக் கை