ஞாயிறு ஆங்கில வகுப்பில் எங்கள் மொழிகளையும் அனுமதிக்கக் கோரி

அனுப்புநர்:
சு. ரத்னவேல்,
பாதுகாவல் அதிகாரி,
பெண்டிமியர் சாலை, சிங்கப்பூர்.

பெறுநர்:
திரு. பாலகிருஷ்ணன் அவர்கள்,
திட்ட இயக்குநர்,
செராய் சந்து சமூகக் கற்றல் நிலையம்,
சிங்கப்பூர்.

பொருள்: பெரியவர்களுக்கான ஞாயிறு ஆங்கில வகுப்பில் பிற மொழி பேச விதிக்கப்பட்ட தடையை நீக்கவும், மூடப்பட்ட வகுப்பைத் திறக்கவும், ஆசிரியைக்குக் கொடுத்த எச்சரிக்கையைத் திரும்பப் பெறவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆங்கிலம் கற்பவன் தமிழில் மனு எழுதலாமா என்று தாங்கள் நினைக்கக்கூடும். நடந்ததை ஆங்கிலத்தில் எழுத இப்போது எனக்கு வரும். நடந்தது நியாயமில்லை என்று மரியாதை குறையாமல் எழுதும் பாடத்திற்கு வருவதற்குள் வகுப்பை மூடிவிட்டீர்கள்.

1. எனக்கு வயது அறுபத்து மூன்று. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவன். ஒன்பது ஆண்டுகளாக ஒரு கொண்டோமினிய அடுக்குமாடியில் காவல் பணி செய்கிறேன். சென்ற ஆண்டின் இறுதியில் எங்கள் நிர்வாகி என்னை அழைத்து, ஜூன் மாதத்திற்குள் சம்பவ அறிக்கையை ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேறு இடத்திற்கு மாற்றிவிடுவார்கள் என்றார். அதற்கு முந்தைய வாரம் இரண்டாம் வாசலில் ஒரு நாய் விடாமல் குரைத்ததைப் பற்றி அறிக்கை எழுதியிருந்தேன். குரைப்பதற்கும் வண்டி நிறுத்துவதற்கும் ஆங்கிலத்தில் (bark, park) முதல் எழுத்து ஒன்றுதான் வேறு. நான் மாற்றிப் போட்டுவிட்டேன். "ரத்னவேல், அந்த நாய் எந்த லாட்டில் காரை நிறுத்தியது?" என்று நிர்வாகி சிரிக்காமல் கேட்டார். அவர் சிரிக்காததுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

2. எனவே ஜனவரி 5ஆம் தேதி தங்கள் நிலையத்தில் சேர்ந்தேன். பதினான்கு பேர் இருந்தோம். கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ராமநாதபுரத்து வெங்கட், வங்காளத் தொழிலாளர்கள் நால்வர், திருமணமாகி இங்கு வந்த பெண்கள் சிலர், பிறகு மேடம் கோ. மேடம் கோ தேக்கா உணவங்காடியில் துப்புரவுப் பணி செய்பவர், வயது அறுபத்தேழு. ஹொக்கியன் என்ற சீன மொழி பேசுவார், சந்தையில் புழங்கும் பாசார் மலாய் பேசுவார். ரசாயனப் புட்டிகளில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பதைப் படிக்கத் தெரிந்தால் மேற்பார்வையாளர் ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அதற்காகச் சேர்ந்தவர். வேறு இடம் இல்லாததால் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

3. ஆசிரியை செல்வி வைஷாலி டோபி காட் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஞாயிறுதோறும் ஊதியமின்றி வந்தார். அவருடைய வழக்கம் இதுதான்: சொல்ல வேண்டியதை முதலில் அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். அதன் பிறகு எல்லோரும் சேர்ந்து அதற்கு ஆங்கிலம் தேட வேண்டும். மேடம் கோவுக்குக் காலம் காட்டும் வினைகள் பிடிபடவில்லை. நேற்றுச் சாப்பிட்டதையும் நாளை சாப்பிடப்போவதையும் ஒரே சொல்லால் சொல்வார். நான் மலாயில், "சுடா மாக்கான்னு சொல்றீங்கல்ல, அந்த சுடா வர்ற இடத்துல எல்லாம் இங்க சொல்லே மாறிடும்" என்றேன். சுடா மாக்கான் என்றால் சாப்பிட்டாயிற்று. அவர் மேசையைத் தட்டி, "இத ஏன் யாரும் முன்னமே சொல்லல?" என்றார். அந்த மதியமே பத்து வினைகளைப் பிழையில்லாமல் சொன்னார்.

4. பதிலுக்கு அவர் எனக்குச் செய்தது பெரிது. தமிழில் ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிட்டவன் நான். குரைப்பதற்கும் நிறுத்துவதற்கும் முதலில் வரும் இரண்டு ஒலிகளும் ஹொக்கியனில் தனித்தனியாம். அவர் ஒரு டிஷ்யூ தாளை என் வாய்க்கு முன்னால் பிடித்து, "அங்கின், அங்கின்" என்றார். மலாயில் காற்று என்று பொருள். வண்டி நிறுத்தும்போது தாள் ஆட வேண்டும், நாய் குரைக்கும்போது ஆடக் கூடாது. மூன்று ஞாயிறுகளில் ஒரு டிஷ்யூ பொட்டலம் தீர்ந்தது. என் காதும் திறந்தது.

5. மார்ச் 2ஆம் தேதி தங்கள் ஆய்வாளர் வந்து இருபது நிமிடம் பின்னால் நின்றார். அன்று வகுப்பில் ஐந்து மொழிகள் கேட்டது உண்மை. சத்தம் இருந்ததும் உண்மை, மறைக்கவில்லை. "இது வகுப்பா, சந்தையா?" என்று ஆசிரியையிடம் எங்கள் முன்னிலையிலேயே கேட்டார். அடுத்த ஞாயிறு கதவில் 'ஆங்கிலம் மட்டும்' என்ற அறிவிப்பு இருந்தது. வேறு மொழி பேசுபவர் பெயரைப் பலகையில் எழுத வேண்டும் என்று ஆசிரியைக்கு உத்தரவு. மீறினால் தொண்டூழியர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்குவதாக எச்சரிக்கைக் கடிதமும் கொடுக்கப்பட்டது. அன்று செல்வி வைஷாலி பலகையில் மேடம் கோவின் பெயரை எழுதும்போது எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

6. ஐயா, அதன் பிறகு வகுப்பு மிகவும் அமைதியாக இருந்தது. ஆய்வாளர் வந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். தெரிந்த நாலு சொல்லைச் சொல்லிவிட்டு அனைவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினான்கு பேர் ஒன்பதாகி, ஆறானோம். மேடம் கோவும் நின்றுவிட்டார். நான் உணவங்காடிக்குப் போய்க் கேட்டேன். தட்டுகளை அடுக்கிக்கொண்டே மலாயில் பதில் சொன்னார். தமிழில் தருகிறேன்: "வாயத் திறந்தா பலகையில பேரு. மூடிக்கிட்டா பாடம் வராது. அதுக்கு வீட்டுலயே இருக்கலாம் லா."

7. ஏப்ரல் 28ஆம் தேதி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. வருகை பத்துக்கும் குறைந்ததால் வகுப்பு மூடப்படுகிறதாம். ஆட்களை விரட்டிய விதியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அறை இப்போது பூட்டிக் கிடக்கிறது. கதவில் அந்த அறிவிப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. உள்ளே எந்த மொழியும் இல்லை.

8. நாங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மே 4 முதல், மேடம் கோவின் வேலை முடியும் நேரத்தில், உணவங்காடியில் திரு. அப்துல் ஹமீது அவர்களின் தேநீர்க் கடைக்கு எதிரே கூடுகிறோம். ஆளுக்கொரு தே வாங்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அதை ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்பது செல்வி வைஷாலியின் நிபந்தனை. அவர் கற்பிக்க வரவில்லை, தே குடிக்க வருகிறார். குடிக்கும்போது யாராவது சந்தேகம் கேட்டால் பதில் சொல்கிறார். இதில் விதிமீறல் ஏதும் இருந்தால் பொறுப்பு என்னுடையது.

9. மே 13ஆம் தேதி மாலை 4.20க்கு எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் தனியாக இருந்தார். கொரியாவிலிருந்து வந்து மூன்று மாதம் ஆனவர், அழுதுகொண்டிருந்தார். பழுதுபார்ப்பவர்களை அழைத்துவிட்டு, பேசும் கருவியில் அவரோடு ஆங்கிலத்தில் பேசினேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் சொற்கள் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. பேச்சை நிறுத்தினால் அவர் பயந்துவிடுவார். ஆகவே வகுப்பின் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன். என் பெயர் ரத்னவேல், நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன், எனக்கு மீன் குழம்பு பிடிக்கும். சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது, தனக்கும் மீன் பிடிக்கும் என்று. நேற்று என்ன மீன் சாப்பிட்டார் என்று கேட்டேன், கடந்த காலத்தில்தான். தட்டுத் தடுமாறிச் சொன்னார். அவருக்கும் ஆங்கிலம் இரவல்தான். 4.52க்குக் கதவைத் திறந்தபோது நாங்கள் கறி வகைக்கு வந்திருந்தோம். அவர் நலமாக இருக்கிறார், சென்ற வாரம் பெண் குழந்தை பிறந்தது.

10. அன்றைய அறிக்கையை நானே எழுதினேன். நிர்வாகி ஒரு முறை படித்துவிட்டு, "யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். "நான்தான்" என்றேன். மறுபடியும் படித்தார். என்னை அங்கேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். எனவே என் வேலைக்காக இம்மனுவை எழுதவில்லை. மேடம் கோவுக்கு ஜூலையில் மேற்பார்வையாளர் தேர்வு இருக்கிறது. செல்வி வைஷாலிக்குக் கொடுத்த கடிதம் அவருடைய கோப்பில் இருக்கிறது. நின்றுபோனவர்கள் எல்லோரும் திரும்பி, வெங்கட் தன் நண்பர்கள் மூவரையும் கூட்டி வரத் தொடங்கிவிட்டதால் இப்போது பதினேழு பேர் இருக்கிறோம். மேசை போதவில்லை. சாப்பிட வருபவர்கள் தட்டோடு நிற்கிறார்கள், அது எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து 'ஆங்கிலம் மட்டும்' என்ற விதியை நீக்கி, ஞாயிறு வகுப்பை அதே அறையில் மறுபடியும் நடத்த அனுமதித்து, ஆசிரியையின் எச்சரிக்கைக் கடிதத்தையும் திரும்பப் பெற வேண்டும் என்று பதினேழு பேரின் சார்பாகக் கேட்டுக்கொள்கிறேன். சத்தத்தைக் குறைத்துக்கொள்வதாக உறுதி கூறுகிறோம், முழுவதும் குறையும் என்று சொல்ல முடியாது.

திறந்தபின் தாங்களும் ஆய்வாளரும் ஒரு ஞாயிறு வந்து முழு வகுப்பும் இருந்து பார்க்க வேண்டும். ஆய்வாளர் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. இம்முறை அவரைப் பின்னால் நிற்க விடமாட்டோம். நாற்காலி போட்டு நடுவில் உட்கார வைத்து, அவர் வீட்டில் என்ன மொழி பேசுவார்கள் என்று கேட்டு, அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குவோம்.

தங்கள் நல்ல முடிவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
சு. ரத்னவேல்
மற்றும் பதினாறு மாணவர்கள்

நாள்: 26.05.2025
இடம்: தேக்கா, சிங்கப்பூர்

இணைப்பு: பதினேழு கையொப்பங்கள், ஐந்து எழுத்து வடிவங்களில்.