குளிர் போகும் வரை

மார்ச் 4, செவ்வாய்
காலையிலிருந்து பனிமூட்டம். கிரேன் கேபினில் இருந்து பார்த்தால் கப்பலும் இல்லை, கரையும் இல்லை. கன்டெய்னர்கள் மட்டும் மேகத்துக்குள் இருந்து மெதுவாக மிதந்து வந்தன. துறைமுகத்தில் எனக்குப் பிடித்ததே இந்த மாதிரி நாட்கள்தான்.

நேற்று துறைமுக கேட்டில் மிஷினில் ஊதச் சொன்னார்கள். முந்தின நாள் குடித்தது மூச்சில் மிச்சம் இருக்கிறதென்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று ஏற விட்டார்கள்.

மனைவி சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. “ருசிக்காகத்தான் குடிக்கிறேன்னு கல்யாணம் ஆனதுல இருந்து சொல்றீங்க. அப்போ மப்பு இல்லாத பீரைக் குடிச்சுக் காட்டுங்க. அதுவரைக்கும் நான் மக ரூம்லயே படுத்துக்கறேன்” என்றாள். மகள் ஹாஸ்டலில் இருப்பதால் அந்த ரூம் காலிதான். இந்த ரூம்தான் இப்போது காலியாகத் தெரிகிறது.

மார்ச் 6, வியாழன்
பெரிய கடையில் ஆல்கஹால் குறைவு என்று எழுதியிருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். என் வழக்கப்படி, புட்டி மேல் வெள்ளை பூக்கும்வரை ஃப்ரீசரில் வைத்துத்தான் திறந்தேன்.

ஒன்று பாத்திரம் கழுவிய தண்ணீர். ஒன்று வேகாத மாவு. இன்னொன்று வாய்க்குள் வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. விருந்தாளி செருப்பைக் கழற்றாமல் வாசலோடு போன மாதிரி.

“ருசியா இருக்கா?” என்றாள், சிங்க் பக்கம் திரும்பியபடியே.

“பிரமாதம்” என்றேன். பொய் சொல்லும்போது என் காது சிவக்கும். நல்லவேளை, அவள் திரும்பவில்லை.

மார்ச் 7, வெள்ளி
அப்படியானால் இத்தனை வருஷமும் மப்பைத்தான் குடித்தேனா?

மார்ச் 11, செவ்வாய்
எங்கள் தெருமுனை பேக்கரிக்காரர் பின்கட்டில் பீர் காய்ச்சுகிறார் என்று கேட் வாட்ச்மேன் சொன்னார். போனேன். ஒரு பக்கம் ரொட்டி வெந்துகொண்டிருந்தது, மறுபக்கம் பெரிய அண்டாவில் வறுத்த பார்லி. அந்த வாசனையில் எதற்கு வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

கறுப்பாக ஒரு புட்டி கொடுத்தார். “ஆல்கஹால் அரை சதவீதம்தான் இருக்கும். ஆனா பார்லியில கை வைக்கல, அதைக் குறைச்சா அப்புறம் தண்ணிதான்.”

“எவ்வளவு நேரம் ஃப்ரீசர்ல வைக்கணும்?” என்றேன்.

பாவம், தான் பெற்ற பிள்ளையை அடிக்கப்போகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அவ்வளவு குளிர்ல நாக்கு மரத்துப்போகும்ணே. அப்புறம் எதைக் குடிச்சாலும் ஒண்ணுதான். ஃப்ரிட்ஜ்ல வச்சா போதும். வெளிய எடுத்து வச்சிட்டு, குளிர் போனப்புறம் திறங்க.”

வழியெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். ருசி, ருசி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு, நான் விழுங்கியது வெறும் ஐஸ்.

மார்ச் 12, புதன்
புட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம்தான் அதையே பார்ப்பது?

“என்ன, காவலுக்கா?” என்றாள். பேக்கரிக்காரர் சொன்னதைச் சொன்னேன். சிரித்தாள். “சும்மாதானே இருக்கீங்க, இதப் பிடிங்க” என்று போர்வையின் ஒரு முனையைக் கொடுத்தாள். இருவரும் மடித்தோம். மகளுக்கு ஹாஸ்டலில் புதிதாக வந்திருக்கும் தோழியின் குறட்டையைப் பற்றிச் சொன்னாள். மடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

பிறகு திறந்தேன். கருகிய ரொட்டி ஓரம். அதன் பின்னால் ஆரஞ்சுத் தோல். விழுங்கிய பிறகும் ஏதோ ஒன்று போக மனமில்லாமல் வாயில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அவளுக்கும் ஒரு வாய் கொடுத்தேன். “கசக்குது” என்றாள். இன்னொரு வாய் குடித்தாள். அப்புறம் மகள் ரூமுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 13, வியாழன்
கேட்டில் ஊதினேன். ஒன்றுமே காட்டவில்லை. “மிஷின் ரிப்பேராண்ணே?” என்றார் வாட்ச்மேன்.

மார்ச் 16, ஞாயிறு
நேற்று சாயங்காலம் வழக்கம்போல் புட்டியை எடுத்து வைத்தேன். வெளியே காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது. பேச்சு எங்கெங்கோ போயிற்று. திடீரென்று சொன்னாள்: “இப்படிக் காத்தடிச்சா எனக்கு வேலையே ஓடாது. அந்த உசரத்துல நீங்க எந்த நிலைமையில உக்காந்திருக்கீங்களோன்னு இருக்கும்.”

“இவ்வளவு நாளா ஏன் சொல்லல?”

“எப்ப சொல்றது? சாயங்காலம் வீட்ல நீங்க இருந்தீங்களா?”

தினமும் இருந்தேனே என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கே இருந்தேன்? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு கேபினிலிருந்து கடல் எப்படி இருக்கும் என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை சொன்னேன்.

காலையில் தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன், புட்டி மேசையிலேயே இருக்கிறது. மூடியைத் திறக்கவே இல்லை.

காற்று நின்றுவிட்டது. விளக்கைப் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாக எழுதுகிறேன். பக்கத்தில் அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.