முப்பது நாளில் எட்டு

ஜூன் 6, செவ்வாய்

எங்கள் கிளினிக்குக்குச் சர்க்கரை நோய்க்காக வருகிற இருபத்தேழு பேரில் இருபத்தாறு பேர் பொய்யர்கள். அவர்களை அப்படி ஆக்கியது நர்ஸ் லியோகாடியா.

மாதத்தின் முதல் செவ்வாய் எங்கள் நாள். ஆஸ்பத்திரி முற்றத்து மாமரத்தடியில் நீள பெஞ்சு. பெயர் கூப்பிட்டு, வீட்டில் விரலைக் குத்திப் பார்த்து எழுதிய சர்க்கரை நோட்டை வாங்கி, எண்களைச் சத்தமாகப் படிப்பாள். என் நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன்.

"பத்தொன்பதா! மிலெம்பே, யார் வீட்டுக் கல்யாணம்? எங்களைக் கூப்பிடவே இல்லையே!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களின் நோட்டில் எல்லாம் ஆறு, ஏழு, எட்டு. எங்கள் மெஷின் கணக்கில் ஏழு நல்லது, பத்தைத் தாண்டினால் மோசம்; ஒருவருக்குக்கூட ஒரு நாள்கூடப் பத்தைத் தாண்டவில்லை. எல்லோரும் தேவதைகள்.

ஒரு கேள்வி கொண்டுபோயிருந்தேன். "சிஸ்டர், மனசு சரியில்லாத நாள்ல எண் ஏறுதா, இல்ல எண் ஏறுறதால மனசு கெட்டுப்போகுதா?"

"வாயைக் கட்டு, எண் தானா இறங்கும். அடுத்தது யாரு?"

வாசல்வரை மசுங்கா கூட வந்தான். முவான்சா போகும் மினிபஸ்ஸில் கண்டக்டர். பெஞ்சிலேயே அதிகம் சிரிக்க வைப்பவன். நான் ஏரியோர மீன்கரையில் எடை படிப்பவள் என்பதால் எனக்கு அவன் வைத்த பெயர் தராசு.

"ஏய் தராசு, உள்ளதையா எழுதினே? பைத்தியமா நீ? நான் ஒரு மாசத்தையும் இன்னிக்குக் காலையில பஸ்ல உக்காந்து எழுதினேன். மூணு பேனா. ஆறுன்னு எழுதக் கூடாது, ஆறு புள்ளி மூணுன்னு எழுதணும். புள்ளி வச்சா நம்பிடுவாங்க."

மீனுக்குள் கல் திணித்துக் கொண்டுவருகிறவர்களைத் தினம் பிடிக்கிறேன். இதைப் பிடிக்க ஆளில்லை.

ஜூன் 7

வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

மூன்று மாதமாகிறது. மார்ச்சில், எடை போட்டுக்கொண்டிருந்த கொடுவா மீன்களின் மேலேயே விழுந்தேன். அதற்கு முன்னால் ஒரு மாதம் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். மெலிந்ததற்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது டாக்டர் சொன்னார்: உன் உடம்பு இன்சுலின் செய்வதை நிறுத்திவிட்டது. இனி தினமும் ஊசி. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் காகிதத்தைப் பார்த்தார்.

பக்கத்து வீட்டுக்காரி: "சர்க்கரையா? அது பணக்கார வியாதியாச்சே. எங்களுக்குத் தெரியாம எப்பம்மா பணக்காரி ஆனே?"

அம்மா முன்பெல்லாம் வீட்டுக்குள் நுழையும்போது "சாப்பிட்டியா" என்பாள். இப்போது "குத்திக்கிட்டியா". எனக்கு இருபத்துமூன்று வயது. இந்த ஒரு வார்த்தையை இன்னும் எத்தனை வருடம் கேட்பேன்?

ஜூன் 11

18.2. எழுந்திருக்கவில்லை.

ஜூன் 15

இன்று ஒரு காரியம் செய்தேன். வீணான காரியம்தான்.

அம்மா மிசெம்பே வேகவைத்திருந்தாள் — சர்க்கரைவள்ளியைச் சீவிக் காயவைத்தது. நான் தொடக் கூடாது என்று மூடி வைத்திருந்தாள். ஏன் தொடக் கூடாது? யார் பார்த்தது? ஊசியை வழக்கம்போலப் போட்டேன். விரலைக் குத்தினேன்: 9.4. ஆறு துண்டு தின்றேன். ஒரு மணி நேரத்தில் 16.1. இரண்டில் 15.3. மூன்றில் 11.8.

மேலே போனது கீழே வருகிறது! அது எனக்குத் தெரியாது. ஏறினால் ஏறினதுதான், உள்ளே உட்கார்ந்து அரித்துக்கொண்டே இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

அதே ஆறு துண்டை நிலக்கடலையோடு தின்றால்? முன்னால் தகா என்கிற பொடிமீன் ஒரு கை தின்றுவிட்டு? கரைவரை நடந்துவிட்டு வந்தால்?

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி, விரலைப் பார்த்துத் தனியா சிரிக்கிறே?"

சிரித்தேனா?

ஜூன் 22

எண்ணுக்குப் பக்கத்தில் மனசுக்கும் ஒரு எண் போட ஆரம்பித்திருக்கிறேன். ஒன்று என்றால் சுவர். ஐந்து என்றால் பரவாயில்லை. ஐந்துக்கு மேல் இப்போதைக்குத் தேவைப்படாது.

ஏழு நாளில்: 17க்கு மேல் இருந்த மூன்று காலைகளில் இரண்டில் மனசு ஒன்று. ஆனால் திங்கட்கிழமை 17.6, மனசு நான்கு! அன்று என்ன நடந்தது? படகுக்காரன் ஒருவன் எடைக்கல்லையே ஏரியில் போட்டுவிட, எல்லோரும் குதித்துத் தேடினோம். அவ்வளவுதான். அது போதுமா? பிறகு நேற்று, 7.9, மனசு ஒன்று. காரணமே இல்லை. எண் அழகாக இருக்கிறது, நான் சுவரைப் பார்த்துக் கிடக்கிறேன். ஆக இரண்டும் ஒன்றல்ல. சேர்ந்து நடக்கின்றன, சில நாள் பிரிந்து போகின்றன.

எங்கே பிரிகின்றன? அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னும் நிறைய நாள் வேண்டும். இன்னும் நிறைய ஸ்ட்ரிப் வேண்டும். ஒரு தடவை குத்த ஒரு ஸ்ட்ரிப், மாதத்துக்கு முப்பது. இருப்பது மூன்று.

ஜூலை 4, செவ்வாய்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

காலையில் மாமரத்தடிக்குப் போனதும் கை தானாக மசுங்காவின் பேனாவுக்கு நீண்டது. நிஜக் கணக்கை வீட்டில் வைத்துவிட்டு, கிளினிக் நோட்டை வெறுமையாகக் கொண்டுவந்திருந்தேன். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். "ஏழு புள்ளி ஒண்ணு. நடுவுல ஒரு ஒம்பது போடு, மனுஷின்னு தெரியட்டும்." பெஞ்சில் எங்களோடு உட்காருகிற சபீனாவின் அம்மா தன் நோட்டையும் என்னிடம் தள்ளினாள். "உன் கையெழுத்து அழகா இருக்கு, எனக்கும் போடும்மா." அவளுக்கு ஐம்பது வயது, கால் விரல் ஒன்று இல்லை. அவளுக்கு ஆறு புள்ளி எட்டு போட்டேன்.

"பாத்தீங்களா!" என்றாள் சிஸ்டர், என் நோட்டைத் தூக்கிக் காட்டி. "போன மாசம் பத்தொன்பது. திட்டினேன். இப்ப பாருங்க." கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் கேவலம்.

பிறகு ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தாள். ஆளுக்கு எட்டு எண்ணிக் கொடுத்தாள்.

"மண்டல அலுவலகத்துலேர்ந்து கடிதம் வந்திருக்கு. நம்ம கிளினிக்ல எல்லாரும் நல்ல கட்டுப்பாட்டுல இருக்கீங்களாம். இனிமே மாசத்துக்கு எட்டு போதும். மிச்சம், மோசமா இருக்கிற ஊருக்குப் போகும். பெருமைப்படுங்க."

எட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோம். எண்ணெல்லாம் பொய் என்று யார் போய்ச் சொல்வது?

ஜூலை 5

மாதத்துக்கு எட்டு. மிச்ச இருபத்துமூன்று நாளும் ஊகித்து ஊசி போட வேண்டும். மீன்கரையில் ஒரு பெட்டியைக்கூட நான் ஊகித்து எழுத முடியாது, வேலை போய்விடும்.

ஜூலை 9, ஞாயிறு

சர்க்கரை பார்க்கிற மெஷினுக்கு நினைவு இருக்கிறது!

இன்று குத்த வேண்டிய நாள் இல்லை. சும்மா அதைக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். பக்கவாட்டுப் பொத்தானை விடாமல் அழுத்தினால் பழைய எண்கள் வருகின்றன. தேதியோடு. நேரத்தோடு. மிசெம்பே தின்ற நாள் அப்படியே இருக்கிறது. ஏப்ரல்வரை பின்னால் போய்ப் பார்த்தேன். ஏப்ரல் 20: 24.7. அன்று எப்படி இருந்தேன் என்பது எனக்கு மறந்துவிட்டது, அதற்கு மறக்கவில்லை.

இருபத்தேழு மெஷின்கள். இருபத்தேழு பேரின் பையிலும் உண்மை கிடக்கிறது. இத்தனை நாளில் ஒருவர்கூட இந்தப் பொத்தானை அமுக்கிப் பார்க்கவில்லையா?

ஜூலை 14

பஸ் ஸ்டாண்டில் மசுங்காவைப் பிடித்தேன். பஸ் நிறைவதற்காகக் கத்திக்கொண்டிருந்தான். "மெஷினைக் கொடு" என்றேன்.

"எதுக்கு? எடை போடப் போறியா?"

சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். தூசி. பொத்தானை அமுக்கினேன். பிப்ரவரியில் நான்கு எண்கள். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

"ஸ்ட்ரிப் எல்லாம் எங்கே?"

"டப்பாவோட இருக்கு. வீட்டுல. பிரிக்கலை."

"அஞ்சு மாசமா?"

"தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன், சொல்லு? அது இருபதுன்னு காட்டும். நான் அன்னிக்குப் பூரா இருபதாவே இருப்பேன். காட்டலைன்னா நான் மசுங்கா." சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "ராத்திரி வீட்டுக்குப் போனா வாயைத் திறக்கிறதில்ல. ஜோக் எல்லாம் பஸ்ஸோட தீந்துபோவுது. என் பொண்டாட்டிக்கு நான் ஜோக் அடிப்பேங்கிறதே தெரியாது."

அப்படியானால் அவனிடமும் ஒரு சுவர் இருக்கிறது. மாதாமாதம் பக்கத்தில் உட்கார்ந்தும் எனக்குத் தெரியவில்லை.

அறிவுரை வாய்வரை வந்தது, விழுங்கினேன். மிசெம்பே விஷயத்தைச் சொன்னேன். ஏறியது எப்படி இறங்கியது என்று. அவன் கேட்டான்: "சப்பாத்திக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

"எனக்கும் பாக்கணும்போல இருக்கு," என்றான்.

ஜூலை 23, ஞாயிறு

மாமரத்தடி. மெஷினில் உள்ள நிஜ எண்களை எழுதி சிஸ்டரிடம் கொடுக்கலாம் என்று எல்லோரையும் கூப்பிட்டிருந்தேன்; என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர். பதினொரு பேர் மெஷினைக் கொடுத்தார்கள். மூன்று பேர் பைக்குள் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

சபீனாவின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிக் கொடுத்தவளும் நீ, இப்ப காட்டிக் கொடுக்கிறவளும் நீயா? அவ என்னைத் திட்டுனா நீயா வந்து வாங்கிக்குவே?"

"என் எண்ணைத்தான் முதல்ல எழுதியிருக்கேன்ம்மா, பாருங்க. நாம நல்லா இருக்கோம்னு எழுதினோம், அதை நம்பி ஸ்ட்ரிப்பை எடுத்துட்டாங்க."

"நம்மளை நம்புனாங்களா! இத்தனை வயசுல முத முறையா ஒரு ஆபீசு என்னை நம்பியிருக்கு, அதுவும் பொய்யைத்தான்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மெஷினைக் கொடுத்தாள். பன்னிரண்டு.

மசுங்காவின் மெஷினில் இப்போது ஒன்பது புது எண்கள். 21.3இல் தொடங்குகிறது. சப்பாத்திக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் உச்சம் என்கிறான். வெறும் சப்பாத்தியா, பீன்ஸோடா என்று சண்டை போட்டோம்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

காகிதத்தை சிஸ்டரிடம் கொடுத்தேன். பன்னிரண்டு பெயர், நோட்டில் இருந்த எண், மெஷினில் இருந்த எண். முதல் முறையாக அவள் சத்தமில்லாமல் படித்தாள்.

"என்னை இத்தனை மாசமா ஏமாத்தினீங்களா?"

"ஆமா சிஸ்டர். நீங்க எங்களை வச்சுச் சிரிச்சீங்க, நாங்க ஏமாத்தினோம்."

அடிப்பாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "திட்டினா பயந்தாவது ஒழுங்கா இருப்பீங்கன்னு நினைச்சேன். நீ வர்றதுக்கு முன்னால, ஜனவரியில, இங்க வந்துக்கிட்டிருந்த ஒரு ஸ்கூல் பொண்ணு செத்துப்போச்சு. சாகறதுக்கு மொத நாள் அவ நோட்டுல ஆறு புள்ளி ரெண்டு. அதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். எப்படி ஆறு புள்ளி ரெண்டுல ஒருத்தி சாவான்னு."

எனக்கு அவள்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. வேறு மாதிரி இருக்கிறது.

அதன்பின் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். என் முறை வந்தபோது, பொருட்டில்லாததுபோல மருந்து அலமாரியைப் பார்த்தபடி கேட்டாள்: "மனசைப் பத்தி ஏதோ கேட்டியே. என்ன தெரிஞ்சுது?"

நோட்டைக் காட்டினேன். "பாதி நாள் சேர்ந்து போகுது. மீதி பாதி ஏன்னு தெரியல. எட்டை வச்சுக் கண்டுபிடிக்க முடியல."

"எனக்கும் தெரியாது," என்றாள். காகிதத்தைத் தன் கடிதத்தோடு சேர்த்து மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

ஆகஸ்ட் 19

மனசு ஒன்று. எண் தெரியாது, ஸ்ட்ரிப் இல்லை. ஆனாலும் வேலைக்குப் போனேன். போகவிடாமல் செய்ய இதற்கு எவ்வளவு பலம் என்று பார்க்கலாம் என்றுதான் போனேன். மத்தியானம் மனசு இரண்டாகியிருந்தது.

செப்டம்பர் 5, செவ்வாய்

மண்டல அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. மாமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்தார்.

"உண்மையை எழுதினதுக்குப் பாராட்டுறேன். ஆனா பாருங்க, எண்கள் ரொம்ப மோசம். முப்பது கொடுத்த காலத்துலயும் மோசமாத்தான் இருந்திருக்கு. அப்ப ஸ்ட்ரிப் கொடுத்ததால பிரயோஜனம் இல்லைன்னுதானே அர்த்தம்? அதனால எட்டாவே இருக்கட்டும்."

நன்றாக இருந்தால் தேவையில்லை. மோசமாக இருந்தால் வீண். எப்படி எழுதினாலும் எட்டு. ஒரு நிமிடம் எனக்குச் சுவர் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. இந்த எட்டு எங்கிருந்து வந்தது? ஏன் ஏழு இல்லை, பதினொன்று இல்லை? இவர் தலைக்குள் அது எப்படித்தான் ஓடுகிறது?

எழுந்து போய் நோட்டின் செப்டம்பர் பக்கத்தை அவர் முன்னால் விரித்தேன். முப்பது கட்டம்.

"எட்டு போதும்னு சொல்றீங்க சார். எந்த எட்டு நாள்? நீங்களே டிக் பண்ணிக் கொடுங்க. அன்னிக்கு மட்டும் குத்திக்கிறேன்."

"அது உங்க வசதிப்படி..."

"என் வசதிக்கு முப்பது நாளும் வேணும் சார். நீங்க சொல்லுங்க."

சிஸ்டர் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். மசுங்கா வந்து தன் நோட்டை என் நோட்டின் மேல் வைத்தான். சபீனாவின் அம்மா நொண்டி நொண்டி வந்து தன்னுடையதை வைத்தாள். பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

அதிகாரி தொலைபேசியைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். பேனாவைப் பார்க்கவில்லை.

"டிக் பண்ணுங்க சார்."